ஜெபத்தில் வராத பெயர்

கழுத்துப் பொத்தானைப் போடவிடாமல் கிழவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார், சிவப்புச் சட்டை, இந்த வருஷம் எல்லோருக்கும் சிவப்பாம், கனடாவிலிருந்து வந்து இறங்கும் முன்பே மகள் மெர்லின் போனில் போட்ட உத்தரவு, பெற்ற தகப்பனுக்கு ஈரத்துணி மாற்றத் தெரியாதவளுக்குப் போட்டோவில் நிறம் பொருந்தவேண்டும், கையைத் தூக்குங்க மாமா என்று நேசமலர் சொன்னதும் தூக்கினார், இறக்குங்க என்றதும் இறக்கினார், மருமகள் சொன்னால்தான் அந்த உடம்பில் எதுவும் நடக்கும், வாயைத் திறப்பதும் விழுங்குவதும்கூட. மூத்த மகன் எட்வின் கதவில் சாய்ந்துகொண்டு, அப்பா, நான் யாரு சொல்லுங்க பாப்போம் என்கிறார், நேற்று பெங்களூரிலிருந்து வந்து இறங்கியது முதல் ஏழாவது தடவை, வருஷத்துக்கு இரண்டு நாள் வந்து தகப்பனுக்குப் பரீட்சை வைக்கிற பிள்ளை, கிழவர் நன்றாக யோசித்து, போஸ்ட்மேனா என்றார், நேசமலர் சிரித்தாள், அடக்கிக்கொள்ளவில்லை.

இந்தத் தொண்டைதான், தெருக்கோடிவரை கேட்கிற தலைமையாசிரியர் தேவசிகாமணி சாரின் இதே தொண்டைதான், கிறிஸ்துமஸ் அன்று விடியற்கால ஆராதனை முடிந்து வந்து, இட்லிக்கும் கறிக்குழம்புக்கும் முன்னால் வீடே முழங்கால் போட, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கும், அது அந்த வீட்டு வழக்கம், நேசமலருக்கு அங்கே முதல் கிறிஸ்துமஸ், கல்யாணமாகி நாலு மாதம், கோயிலில் மணியடிக்கிறவர் மகளை இளைய பிள்ளை தயாளன் ஆசைப்பட்டுக் கட்டிவந்தது சாருக்குப் பொறுக்கவில்லை என்று தெரியும், என்றாலும் ஜெபத்தில் விடுவாரா என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருக்கிறாள், எட்வின் வந்தது, எட்வின் மனைவி வந்தது, மெர்லின், மெர்லின் மாப்பிள்ளை, தயாளன், அடுத்தது நான்தான் என்று கண்ணை இன்னும் இறுக்கி மூடுகிறாள், எங்கள் வீட்டுப் பசுவையும் அதன் கன்றையும் ஆசீர்வதியும், ஆமென் என்றார் சார். ஆண்டவரிடம் மாட்டுக்குக் கிடைத்த சிபாரிசு அவளுக்குக் கிடைக்கவில்லை. விடு, அப்பா சுபாவம் தெரியும்லா என்றான் தயாளன், அடுத்த வருஷமும் அதையே சொன்னான், பசு செத்த வருஷமும் அதையேதான் சொன்னான்.

இருபத்திரண்டு கிறிஸ்துமஸ், மாமியார் போய்ச் சேர்ந்தாள், சாருக்கு முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு, பிறகு பிள்ளைகள், அப்போதும் இவர்கள் ஜெபத்தை விடவில்லை, ஆளுக்கு ஆள் காதருகே போய்த் தங்கள் பெயரை எடுத்துக்கொடுக்க, அவர் கிளிப்பிள்ளையாய்த் திருப்பிச் சொல்ல, அதைப் போனில் படம் பிடித்து நாலு நாட்டுக்கு அனுப்புவார்கள், பக்தி. நாலு வருஷமாய்க் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவள் பெயர் மட்டும் அந்த வாயில் இதுவரை ஒரு தரம்கூட வரவில்லை, வெட்கங்கெட்ட ஆசைதான், அவளுக்கே தன்மேல் எரிச்சலாய் வருகிறது, இருந்தாலும் இன்று கோயிலுக்குப் புறப்படும்போது தயாளனிடம் கேட்டுவிட்டாள், நீங்க எடுத்துக்கொடுக்கும்போது எம் பேரையும் ஒருக்க சொல்லிருங்க, அவங்க வாயால கேக்கணும், வேற ஒண்ணும் வேண்டாம். சொல்லுதேன், இதுல என்ன இருக்கு என்றான் தலை சீவிக்கொண்டே.

இப்போது எல்லோரும் முழங்காலில் இருக்கிறார்கள், சிவப்பு சிவப்பாய், கிழவர் நாற்காலியில், எட்வின் தன் பெயரையும் மனைவி பெயரையும் காதில் சொல்ல எட்வின் என்றார், சுகந்தி என்றார், தயாளன் குனிந்து, தயாளன் என்றான், தயாளன் என்றார் கிழவர், நேசமலர் நாலு மாதக் கல்யாணப்பெண்ணைப்போலக் கண்ணை மூடிக் காத்திருக்கிறாள், ஒன்றும் வரவில்லை, கண்ணைத் திறந்து பார்த்தால் தயாளன் அண்ணன் முகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கு நகர்ந்து வந்துகொண்டிருந்தான், மெர்லின் போனை நிமிர்த்திப் பிடித்தபடி தன் பிள்ளைகள் பெயரோடு நாற்காலியை நெருங்குகிறாள். அட, இந்த ஆளுக்கு நாற்பத்தெட்டு வயது, ஒரு பெயரைச் சொல்ல அண்ணனிடம் உத்தரவு வேண்டும், இவனை விட்டுவிட்டா இத்தனை வருஷம் கிழவரைத் திட்டினேன் என்று தோன்றிய மாத்திரத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் அருவருத்தது.

ஆமென் சொல்லுங்க மாமா என்றாள், சோறூட்டும்போது சொல்கிற அதே குரலில். ஆமென் என்றார் கிழவர் உடனே.

எம் பிள்ளைங்க பேரு இன்னும் வரலையே என்று மெர்லின் பதற, ஜெபம் முடிஞ்சிட்டு மைனி, ஆமென் சொன்ன பிறகு என்ன இருக்கு என்று நேசமலர் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். என்ன இப்படிப் பண்ணிட்ட, அப்பாவுக்குத்தான் மறதின்னு தெரியும்லா என்று தயாளன் முணுமுணுத்தான். அவங்களுக்கு மறதி, உங்களுக்கு என்ன என்றாள். இருபத்திரண்டு வருஷமாய் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவள், கிழவரை மேசைக்கு நடத்திவந்து, அவருக்கு ஒரு தட்டும் தனக்கு ஒரு தட்டும் மட்டும் எடுத்துவைத்து, வேணுங்கிறவங்க போட்டுக்கோங்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, முதல் இட்லியைப் பிட்டுத் தன் வாயில் வைத்தாள்.