செங்கமலத்தின் ஆட்சேபணை

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த ஜெயசுதா சொன்னது. அவர் நன்னடத்தை அலுவலர். ஆயுள் கைதியை முன்கூட்டியே விடலாமா என்று ஊரில் விசாரித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை.

செங்கமலத்தின் ஊரான குரும்பலூரில் அன்று மழை வரும்போல இருந்…

வேண்டாம். மழையெல்லாம் நான் சேர்ப்பது.

2

பதினாறு வருடத்துக்கு முன் ஒரு வரப்புத் தகராறில் செங்கமலத்தின் புருஷனை இரண்டு பேர் அடித்துக் கொன்றார்கள். ஒருவர் நிலத்துக்காரர் கோகுலகிருஷ்ணன், இன்னொருவர் அவரிடம் கூலிக்கு இருந்த கலைமணி. இருவருக்கும் ஆயுள். கோகுலகிருஷ்ணன் பெரிய வக்கீலை வைத்து மேல்முறையீடு செய்தார். தண்டனை குறைந்து மூன்றே வருடத்தில் வீடு வந்தார். கலைமணிக்காக மேல்முறையீடு செய்ய யாருமில்லை. இன்னும் உள்ளேதான் இருக்கிறார்.

3

ஜெயசுதா போனபோது செங்கமலம் மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தார். (அவரை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் அழவில்லையாம். பத்தியை எடுத்துவிட்டேன்.)

“கலைமணிய விடுறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்காம்மா?”

“அடிச்சது ரெண்டு பேருங்க. ஒருத்தன் தெனம் இந்த வழியாத்தான் புல்லட்ல போறான். அவன விடுறப்ப என்னைய யாரும் கேக்கலையே?”

“அது கோர்ட்டு முடிவும்மா. இந்த ஃபாரத்துல கலைமணியப் பத்தி மட்டுந்தான் கேட்டிருக்கு.”

செங்கமலம் கதிரைக் கீழே வைத்தார்.

“இல்லைன்னு எழுதுனா நான் மன்னிச்சுட்டேன்னு ஆயிடும். நான் மன்னிக்கல. இருக்குன்னு எழுதுனா கூலிக்காரன் மட்டும் உள்ளயே கெடந்து சாவான். அது நியாயமாங்க? ஆட்சேபணை இருக்குன்னே எழுதுங்க. ஆனா அது கலைமணி மேல இல்லன்னும் எழுதுங்க.”

ஜெயசுதா ஒரு சொல் விடாமல், கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதினார்.

4

மேலிடத்திலிருந்து படிவம் திரும்பி வந்தது. ‘உண்டு / இல்லை: பொருந்தாததை அடிக்கவும்.’

ஒரு முடிவு: ஜெயசுதா ‘உண்டு’ என்பதை அடிக்கிறார், கலைமணி வெளியே வருகிறார். எழுதிப் பார்த்தேன். செங்கமலம் தராத மன்னிப்பை நானே எடுத்துக் கொடுத்தது போலிருந்தது.

இன்னொன்று: கலைமணி சிறையிலேயே

இதை முடிக்கக் கை வரவில்லை.

இறங்கும்முன் ஜெயசுதா பையிலிருந்து படிவத்தை எடுத்துக் காட்டினார். “நாலு மாசமா இதத் தூக்கிட்டு அலையுறேன் சார். நீங்களா இருந்தா எதை அடிப்பீங்க?”

கதையாக எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். உங்களுக்கு அந்த வசதி இல்லை. பேனாவை எடுங்கள். வேண்டிய மட்டும் யோசிக்கலாம். நீங்கள் யோசிக்கும் நாட்களையும் கலைமணிதான் உள்ளே கழிக்க வேண்டும்.