மதகுக்குப் போனவள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் மரக்கடை வீதியில் ஷட்டர்கள் எல்லாம் இறங்கிக் கிடந்தன. அனீஸ் தன் பிளைவுட் கடையின் பக்கவாட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த நிதீஷ் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“ஏண்டா, இன்னைக்கும் யுவஸ்ரீ அப்பனைத்தான் தேடப் போறமா?”

“மெதுவாப் பேசு. அவ மேல வந்துட்டா.”

“எத்தனை வாரமா அது ஒண்ணே ஓடுது? நானும் உன்ர தங்கச்சியும் அவ ஓடத்துல ஏத்துன மூட்டையாட்டம் உக்காந்திருக்கறோம். எல்லாரும் சேந்து ஆடற ஆட்டம்னுதான சொன்னே? இப்படியே போச்சுன்னா நான் இனி வரலடா. கோவிச்சுக்காத.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்பது அனீஸுக்குத் தெரியும். கடைக்கு மேலிருந்த அறையில், இரண்டு டிரம்களின் மேல் போட்ட பிளைவுட் பலகையைச் சுற்றி அவர்கள் ஒரு வருடமாக ஆடுவது, பேச்சாலேயே ஆடுகிற ஆட்டம். ஆறுகள் நிறைந்த ஒரு நாட்டை அனீஸ் கற்பனை செய்து சொல்வான்; அங்கே எதிர்ப்படுகிறவர்களுக்காகவும் அவனே பேசுவான். மற்ற மூவரும் அதற்குள் ஆளுக்கொரு பாத்திரமாக வாழ்வார்கள். பம்ப் கம்பெனியில் டிசைன் வேலை பார்க்கும் நிதீஷ், அங்கே வேம்பன் என்ற திருடன். தங்கை ஷைமா, அமுதை என்ற வைத்தியச்சி. மதுக்கரையிலிருந்து பஸ் பிடித்து வரும் யுவஸ்ரீ, கயல் என்ற ஓடக்காரி. தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகப் பகடையை உருட்டுவார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சொந்தமாக ஒரு தேடல் உண்டு. கயல் தேடுவது, சிறுவயதில் தன்னை விட்டுப்போன அப்பாவை. அவளுடைய தேடலே ஆற்றை நிறைத்துக்கொண்டு ஓட, திருடனின் கதையும் வைத்தியச்சியின் கதையும் எங்கோ கரையில் கட்டிப்போட்டபடி கிடந்தன.

அதை நிறுத்த முடியாததற்கு அனீஸிடம் ஒரு காரணம் இருந்தது. ஒருமுறை ஆட்டம் முடிந்து பேக்கரியில் டீ குடிக்கும்போது யுவஸ்ரீ அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். “எங்கப்பா வெள்ளகோவிலுங்ணா. லாரி ஓட்டிட்டு இருந்தாருங். நான் ஆறாவது படிக்கறப்ப லோடு எடுத்துட்டுப் போனவருதானுங். வரவே இல்லீங்.” தேங்காய் பன்னைப் பிய்த்தபடி, தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபில் ரிசல்ட் சொல்கிற அதே குரலில் சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு கயலின் அப்பாவைக் கண்டுபிடித்துக் கொடுக்கவும் அவனுக்குப் பயம், காணாமலே விட்டுவிடவும் பயம்.

இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுவதென்று ஒரு வழி யோசித்து வைத்திருந்தான். அப்பா இருக்கும் கிராமம் தெரிந்துவிடும். அதே நேரத்தில் மேலே ஆற்றின் கரை விரிசல் விட்டு, நெடுங்கரை என்ற ஊர் முழுகப் போகும். மலையடி மதகைத் திறந்து வெள்ளத்தைக் காட்டுப்பக்கம் திருப்பினால்தான் ஊர் பிழைக்கும். அந்த வெள்ளத்தில் ஓடம் விடத் தெரிந்தவள் கயல் ஒருத்திதான். அப்பாவோ சாயங்காலத்துக்குள் உப்பு வியாபாரிகளோடு கிளம்பிவிடுவார். யோசித்தபோது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்த இந்த முடிச்சு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது அவன் வாயில் கசந்தது.

சொல்லி முடித்தான். யுவஸ்ரீ பகடையை உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நெடுங்கரையில கொழந்தைங்க இருக்காங்களாங்ணா?”

“இருக்காங்க.”

“அப்ப மதகுக்குப் போறேனுங்.”

அவ்வளவுதான் சொன்னாள். ஷைமா அண்ணனை முறைத்தாள். இத்தனை மாதம் தேடிய தேடலை ஒரே வாக்கியத்தில் முடிக்க வைத்துவிட்டோமே என்று அனீஸ் தன்னையே நொந்துகொண்டான். அப்போது நிதீஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தான்.

“இரு, இரு. வேம்பன் அந்த மதகுகிட்ட வந்து என்னத்தப் பண்ணப் போறான்? அவனுக்கு நீச்சலும் தெரியாது, ஓடமும் வுடத் தெரியாது. யுவா, நீ ஊரைப் பாரு. ஷைமா உன்ர கூட வரட்டும், கயிறு புடிக்க ஆளு வேணுமல்ல. நான் போயி உங்கப்பனை நீ வாரவரைக்கும் போகாமப் புடிச்சு வெக்கறேன். இத்தனை நாளா சும்மா உக்காந்திருந்தேன். எனக்கும் ஒரு வேலை கெடச்சுப்போச்சு.”

அவனுக்கு வெள்ளகோவில் கதை எதுவும் தெரியாது. யுவஸ்ரீ அவனை நிமிர்ந்து பார்த்தாள். “செரிங்ணா” என்றாள்.

அதன் பிறகு நடந்ததை அனீஸ் நடத்தவில்லை. அது தானாக நடந்தது, அவன் கூடவே ஓடினான். ஓடம் சுழலில் சிக்கியதும் பகடை உருண்டது. ஷைமா எழுந்து நின்று கயிற்றை இழுக்கிற மாதிரி வெறும் கைகளை இழுத்தாள். மறுகணம் கிராமம். உப்பு மூட்டைகளுக்கு நடுவே, கிளம்பத் தயாராக ஒரு கிழவன். திருடன் பக்கத்தில் போய் உட்கார்ந்து மோர் கேட்டான். அந்தக் கிழவனுக்கென்று அனீஸ் ஒரு வார்த்தைகூட யோசித்து வைத்திருக்கவில்லை. வாயைத் திறந்தபோது, வெள்ளகோவிலுக்குப் பக்கமான காங்கேயத்திலிருந்து மர லோடு இறக்க வருகிறவர்களின் பேச்சு தானாக வந்தது.

“எந்த ஊருங்க தம்பி?”

“ஊரெல்லாம் இல்லீங்க. உங்க புள்ளையோட சிநேகிதன்.”

கிழவன் ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்து மறுபடி கட்டினான். நிதீஷும் அவசரப்படவில்லை. இப்படிப் பொறுமையாக இருக்க அவனுக்குத் தெரியும் என்று அந்த அறையில் யாரும் நினைத்ததில்லை.

“ஏனுங்க, ஊட்டுக்குப் போகோணும்னு தோணவே இல்லீங்களா?”

“தோணாமயா?” என்றது அனீஸின் வாய். “மொத வருசம் வெக்கமா இருந்துச்சுங்க தம்பி, வெறுங்கையோட எப்படிப் போறதுன்னு. ரெண்டாம் வருசம் பயமா இருந்துச்சு. அப்பறம் நாளாக நாளாக, அவ என்னைப் பாத்து நீங்க யாருங்கன்னு கேட்டுப்போட்டா என்ன பண்றதுன்னு ஆயிப்போச்சு. அதுக்கு இங்கயே கெடந்துக்கலாம்னு கெடந்துட்டேன். அவளுக்குத் தண்ணீன்னா பயமுங்க. வாய்க்காலத் தாண்டோணும்னாக்கூட என்ர தோள் மேல ஏறிக்குவா.”

“இப்ப அவ எங்க இருக்கறா தெரியுங்களா?”

“தெரியாதுங்க.”

“வெள்ளத்துக்கு நடுவுல ஓடம் வுட்டுட்டு இருக்கறா. ஒரு ஊரையே காப்பாத்தறதுக்கு.”

அனீஸின் முன்னங்கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அடுத்து என்ன சொல்வதென்று தேட வேண்டியிருக்கவில்லை. கிழவன் அழுதான். மேசையின் மறுமுனையில் யுவஸ்ரீ அசையாமல் இருந்தாள். கயல் அங்கே இல்லை, அதனால் அவள் பேச முடியாது, ஆனால் கேட்கலாம். எந்த அப்பாவும் மகளிடம் நேராகச் சொல்லியிருக்க மாட்டாத ஒன்றை, யாரோ ஒரு திருடனிடம் ஒரு அப்பா சொல்ல, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை. இவ்வளவு பெரிய ஒன்று இந்தப் பிளைவுட் பலகையின் மேல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று அனீஸுக்குப் புரியவில்லை. அதை யாரும் கொண்டுவரவில்லை. நான்கு பேரும் ஆளுக்கொரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

“யுவா, மதகு” என்றான் அனீஸ்.

அவள் பகடையை உருட்டினாள். அது பலகையின் ஓரம்வரை ஓடிப் பதினெட்டில் நின்றது. “தொறந்துருச்சு!” என்று முதலில் கத்தியவன் நிதீஷ். ஷைமா யுவஸ்ரீயின் தோளைக் கட்டிக்கொண்டாள். வெள்ளம் காட்டுக்குள் திரும்பியது. நெடுங்கரையில் கூரைகள் மேல் ஏறி நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வைத்தியச்சியை அவர்களிடம் இறக்கிவிட்டு, கயல் தனியாக ஓடத்தைத் திருப்பினாள்.

கிராமத்துத் துறை தெரியத் தொடங்கும் இடத்தில் யுவஸ்ரீ கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“அனீஸ்ணா, அவரு என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி நான் அவரைப் பாத்துக்கலாமுங்களா?”

“பாரு கண்ணு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு.”

அவள் பார்ப்பதை அவன் சொல்லத் தொடங்கினான். மழை விட்டிருந்தது. கலங்கிய ஆற்றின் மேல் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. துறைப் படியில் கிழவன் எழுந்து நின்று, நெற்றியில் கையை வைத்து, அவள் வராத திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற திருடன் ஓடத்தைப் பார்த்துவிட்டான். அவனும் கிழவனிடம் எதுவும் சொல்லவில்லை. கயல் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஓடம் தண்ணீரின் போக்கில், சத்தமில்லாமல், அவர்களை நோக்கி மெல்ல மிதந்து வந்துகொண்டிருந்தது.