லீவில் வந்தவன்

தாஹிர் கடற்படைப் பயிற்சியைப் பதினோராவது வாரத்தில் விட்டுவிட்டு வந்தான். யாரும் அவனைத் துரத்தவில்லை. அவனாகவே கேட்டு, அவனாகவே கையெழுத்து வைத்து, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைநாட்டு முகாமின் வாசலைத் தாண்டினான். துரத்தியிருந்தால் ஊரில் சொல்ல ஒரு கதையாவது இருந்திருக்கும்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் கயிற்றேணி ஏறும் பயிற்சி நடந்தது. அவனுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்த குலசிங்கம் கால் வழுக்கி விழுந்தான். பக்கத்துக் கட்டில்காரன், ஒரே மாவட்டத்துக்காரன், முகாமில் தமிழில் கதைப்பதற்கு இருந்த ஒரே ஆள். விழும்போது அவனுடைய தோள் தாஹிரின் முதுகை உரசிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் இடுப்பு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து தாஹிருக்கு நாலாவது படிக்கு மேல் போக முடியவில்லை. அந்தப் படியில் விரல்கள் கயிற்றோடு இறுகிப்போகும். மேலேயும் போகாது, கீழேயும் வராது. இரண்டு பேர் ஏறிவந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்து இறக்க வேண்டும்.

பயிற்சி அதிகாரி மோசமான மனிதரல்ல. மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் கூப்பிட்டு, "உனக்கு விருப்பமென்றால் போகலாம்" என்றார். தாஹிர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டான்.

ரயிலில் வரும்போதுதான் ஊர் நினைவுக்கு வந்தது. கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலிருந்து கடற்படைக்குத் தெரிவான முதல் ஆள் அவன். வாப்பா கலீலுர் றஹ்மான், வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை. அவர் சொன்னால் அடுத்த ஊர்க்காரனும் மடையை மூடுவான். மகன் தெரிவான செய்தி வந்த கிழமை ஒரு மாட்டை அறுத்துக் கந்தூரி கொடுத்தார். பயணம் அனுப்ப ஊரில் பாதி துறைவரைக்கும் வந்தது. அவன் கட்ட ஆசைப்பட்ட ஜெமீலாவின் வாப்பா, மூன்று வருடமாகப் பிடிகொடுக்காமல் இருந்த மனுஷன், அன்றுதான் துறையில் வைத்து அவனை "மருமகன்" என்று கூப்பிட்டார்.

திருகோணமலைப் புகையிரத நிலையத்தில் இறங்கியவன் கிண்ணியா பஸ்ஸில் ஏறவில்லை. முதலில் ஒரு வேலை தேடிக்கொள்வது, பிறகு ஊருக்குப் போய் 'அதைவிட இது நல்லது என்று வந்துவிட்டேன்' என்று சொல்வது. இப்படித்தான் நினைத்தான். ஆனால் ஐம்பத்தொன்பதாம் ஆண்டு அது. வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுப் போய் இரண்டு வருடம். அங்கே வேலை பார்த்துப் பழகிய கைகளே பட்டணத்தில் சும்மா இருந்தன. கிடைத்தது, சின்னராசா முதலாளியின் அரிசிக் கடையில் மூட்டை இறக்கும் வேலையும், சாக்கு அறையில் படுக்க ஒரு மூலையும்தான்.

நாள் போகப் போக ஊருக்குப் போவது கஷ்டமாயிற்று. முதல் நாளே போயிருந்தால் ஒரு பொய்யோடு முடிந்திருக்கும். பத்து நாள் கழித்துப் போனால் பத்து நாளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். கிண்ணியா ஆட்களைக் கண்டுவிடுவேனோ என்ற பயத்தில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கும் போகவில்லை. பின்னேரங்களில் கடற்கரைக்குப் போனால் தெற்கே, நீருக்கு அப்பால், கிண்ணியாப் பக்கத்துத் தென்னைகள் தெரிந்தன. அவன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

இருபத்தாறாம் நாள் காலையில் தயிர் வியாபாரி முஹம்மது தம்பி, காலிச் சட்டிகளைத் தலையில் சுமந்துகொண்டு கடை வாசலைக் கடந்தவர், அவனைக் கண்டு நின்றார். சட்டிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இப்பதானா மகன் உனக்கு லீவு தந்தாங்க?"

தாஹிருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உனக்காக அஸர் தொழுகை வரைக்கும் வெச்சிருந்து பார்த்தம் மகன். அதுக்கு மேல வெச்சிருக்க ஏலாதெண்டு பள்ளி லெப்பை சொல்லிட்டார். முந்தாநாள் அடக்கினம். நெருப்புக் காய்ச்சல்தான். பன்ரெண்டு நாள் கிடந்தார் விதானையார்."

மேலே தூக்கிய மூட்டை யாரோ இறக்கி வைத்ததுபோல் அவனுடைய தோள்கள் தொங்கின. முஹம்மது தம்பி அவனைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவினார்.

"தூரத்து வேல. நீ என்ன செய்வாய்? வா, நானும் அங்கதான் போறன்."

அவன், "ஓம் மாமா. இப்பதான் தந்தாங்க" என்றான்.

அந்த ஒரு வசனத்தை எதற்குச் சொன்னோம் என்று பிறகு பல மாதம் யோசித்தான். வாப்பா மௌத்தான செய்தியைக் கேட்ட அந்த நிமிஷத்திலும் அவனுக்குள் ஒருவன் தப்ப வழி பார்த்துக்கொண்டிருந்தான்.

துறையில் ஆட்களையும் வண்டிகளையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையை ஊரில் 'பாதை' என்பார்கள். அதில் அவனுக்கு இடம் விட்டு விலகினார்கள். ஆளுக்காள் வந்து கைகொடுத்தார்கள். "விதானையார் கடைசி மட்டும் உன்னத்தான் கேட்டவர்" என்றார் ஒருவர். "கொடுத்து வெச்ச மனுஷன், மகன நல்ல நிலைமையில பார்த்திட்டுப் போயிட்டார்" என்றார் இன்னொருவர். தாஹிர் பாதையின் மரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான்.

உம்மா ஆமினா உம்மா வெள்ளை உடுத்து, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இத்தா இருக்கும் உள்ளறையில் பாயில் இருந்தா. அவனைக் கண்டதும் அழுகை உடைந்தது. அவனுடைய தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி கேட்டா:

"எத்தின நாள் லீவு மகன்?"

"பத்து நாள் உம்மா."

குசினிக்குள் ராத்தா ஸுல்பிகா நின்றாள். தம்பியைக் கண்டு அழவில்லை. கதவைச் சாத்தினாள். அரிசிப் பானைக்குள் கைவிட்டு நாலாக மடித்த தந்தியை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"இது எப்ப வந்ததெண்டு தெரியுமா? வாப்பாக்குக் காய்ச்சல் வந்து ஏழாம் நாள். நான்தான் உனக்குத் தந்தி அடிச்சன். அதுக்குப் பதில் இது. தபால் மாஸ்டர் வாசிச்சுச் சொன்னவர், வெளியில சொல்ல வேணாமெண்டு கேட்டுக்கிட்டன். நீ உன்ட விருப்பத்தில விட்டுட்டுப் போயிட்டாயாம்."

அவன் வாசிக்கவில்லை.

"வாப்பா, பதில் என்ன மகள் எண்டு கேட்டார். நான் என்ன சொல்ல? லீவு குடுத்துட்டாங்க வாப்பா, வந்துக்கிட்டிருக்கான் எண்டன். அஞ்சு நாள் தாஹிர். பாதை வந்திட்டா, பாதை வந்திட்டா எண்டு கேட்டுக்கிட்டே கிடந்தார். ஒவ்வொரு தரமும் அடுத்த பாதையில வருவான் எண்டு சொன்னன். நீ எங்க இருந்த?"

"டவுனில."

"எந்த டவுனில?"

"திருகோணமலையில. அரிசிக் கடையில."

அவன் எங்கேயோ மலைக்காட்டில் செத்துக் கிடக்கிறான் என்று ஸுல்பிகா தனக்குள் நினைத்து, வாப்பா போக முன்னமே அழுது முடித்திருந்தாள். உயிரோடு, அதுவும் இவ்வளவு கிட்ட இருந்தான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சிருந்தா ஆள் விட்டு ரெண்டு மணித்தியாலத்தில கூட்டி வந்திருப்பன்" என்றாள். அதன் பிறகு அவனோடு பேசவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்தது. மாரி தொடங்க முன்னர் கூரை வேய வேண்டும். வாப்பா காய்ச்சலில் விழ முதல் கட்டிவைத்த கிடுகுகள் வேலியோரம் அடுக்கியிருந்தன. ஸுல்பிகாவின் புருஷன் முனாப் அடுத்த நாள் காலையில் ஏணியைச் சாத்தினான். அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் உதவிக்கு வந்தார்கள். ஜெமீலாவின் வாப்பாவும் வந்து கதிரையில் இருந்தார்.

"மச்சான், நீங்க முகட்டுக்குப் போங்க. கொடிமரத்தில ஏறின ஆளுக்கு இதெல்லாம் ஒரு ஏணியா?" என்றான் முனாப். அவனுக்கு ஒன்றும் தெரியாது.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாஹிர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது படியில் முதுகில் ஒரு தோள் உரசியது. கைகள் இறுகின.

முதலில் சிரித்தார்கள். "என்ன மருமகன், கீழ பார்க்கிறீங்களா?" என்றார் ஜெமீலாவின் வாப்பா. பிறகு அவனுடைய கால்கள் நடுங்கி ஏணி சுவரோடு தடதடத்தபோது சிரிப்பு நின்றது. முனாப் ஏறிப்போய், "விடுங்க மச்சான், நான் பிடிச்சிருக்கன், விடுங்க" என்று காதோடு சொல்லிச் சொல்லி, விரல்களைப் பிரித்து, பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கினான். நிலத்தில் கால் பட்டதும் தாஹிர் வாந்தியெடுத்தான்.

ஜெமீலாவின் வாப்பா எழுந்து வந்து அவனுக்கு முன்னால் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"நேவியில உனக்கு என்ன வேல மகன்? எப்ப திரும்பப் போறாய்?"

தாஹிர் வாயைத் துடைத்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே வெளியே போனார்.

மற்றவர்கள் கூரையைப் பார்ப்பதுபோல் நின்றார்கள். தாஹிர் வேலியைத் தாண்டிக் களப்புப் பக்கம் நடந்தான். வெயில் ஏறியிருந்தது. கரையில் நிற்கவில்லை. சாரத்தோடு தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால், இடுப்பு, நெஞ்சு. சேறு காலைப் பிடித்தது. வாப்பா அவனுக்கு நீந்தப் பழக்கிய களப்பு அது. உடம்பு தானாக நீந்திவிடுமோ என்று பயந்து கைகளைக் கட்டிக்கொண்டான். யோசனை ஒன்றும் இல்லை. இனி ஒருவருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை என்பது மட்டும் பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னால் தண்ணீர் அடிபடும் சத்தம். ஸுல்பிகா சேலையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

"ராத்தா, வராதீங்க! அதில பள்ளம் இருக்கு!"

"இருக்கட்டும்."

"போங்க ராத்தா!"

"நான் வாப்பாக்குப் பொய் சொன்னனான்" என்றாள் அவள். தண்ணீர் அவளுடைய கழுத்தில் நின்றது. மூச்சு வாங்கியது. "மௌத்தாகப் போற மனுஷனுக்கு அஞ்சு நாளும் பொய் சொன்னனான். அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீயும் போயிட்டா அத நான் தனியா என்ன செய்ய? சொல்லு. சொல்லிட்டுப் போ."

அவள் இன்னும் ஒரு அடி வைத்தாள். வாய்க்குள் தண்ணீர் போய் இருமினாள். கால் எடுபட்டுத் தலை ஒருதரம் உள்ளே போனது. தாஹிர் பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தபடியே கரைவரைக்கும் வந்தான். இருவரும் சேற்றில் குந்தியிருந்து இருமினார்கள். அவள் அவனுடைய கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். பிறகு அந்தக் கையாலேயே அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். வாப்பா போனதிலிருந்து அவள் அழுதது அப்போதுதான்.

ஈர உடுப்போடு இருவரும் உள்ளறைக்குப் போனார்கள். தாஹிர் சொன்னான், அவன் பாதியில் நின்றபோது மிச்சத்தை ஸுல்பிகா சொன்னாள். ஆமினா உம்மா தஸ்பீஹை உருட்டுவதை நிறுத்திக் கேட்டா. எல்லாம் கேட்டு முடிந்த பிறகு,

"அவர்ட கண் வாசலப் பார்த்தபடியே இருந்திச்சு. நான்தான் மூடினனான்" என்றா. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டா.

அடுத்த கிழமை ஜெமீலா வீட்டிலிருந்து ஆள் வந்து, சம்பந்தம் சரிவராது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மார்கழியில் அவளை மூதூரில் கட்டிக்கொடுத்தார்கள். வட்டை விதானை வேலை வேறொருவருக்குப் போனது. தாஹிர் பாதையில் வேலை கேட்டுப் போனான். ஆள் தேவையில்லை என்றார்கள். தெருவில் சிலர் அவனை 'கப்பல்காரன்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். முனாப் மட்டும் ஒன்றும் கேட்காமல், ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் வந்து வயலுக்குக் கூட்டிப்போனான். தாஹிர் வரப்புக் கட்டினான், களை பிடுங்கினான், இருட்டும்போது திரும்பி வந்தான். களப்புக் கரையைக் கடக்கும்போது சில நாள் அவனுடைய கால் நின்றுவிடும். அப்போது முனாப்பும் நின்று, பீடி பற்றவைத்துக்கொண்டு, அவன் நடக்கும்வரை காத்திருப்பான். ஸுல்பிகா வீட்டில் சொல்லித்தான் அனுப்பியிருக்க வேண்டும்.

உம்மா அவனோடு பேசவில்லை. சோறு வைத்தா, உடுப்புக் கழுவினா, அவன் இருமினால் கொத்தமல்லி அவித்து வாசலில் வைத்தா. வார்த்தை மட்டும் இல்லை. நாலு மாதமும் பத்து நாளும் கழிந்து, இத்தா முடிந்து முதல்முறையாக வெளி விறாந்தைக்கு வந்த அன்று, கதிரையில் இருந்து வெகு நேரம் வெயிலைப் பார்த்தா. தாஹிர் எழுந்து போகப் பார்த்தான்.

"இரு" என்றா.

இருந்தான்.

"அந்தப் பெடியன் என்ன ஆனான்? விழுந்தானே, அவன்."

இத்தனை மாதத்தில் ஒருவரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. அவனும் போய் விசாரித்ததில்லை.

"தெரியாது உம்மா. டவுன் ஆள்தான். வீடு தெரியும்."

"அவனுக்கும் ஒரு தாய் இருப்பா" என்றா உம்மா. பிறகு, "வாப்பா இருந்திருந்தா உன்ன நல்லா ஏசியிருப்பார்" என்றா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா.

மன்னித்துவிட்டேன் என்று அவ சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. முனாப் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டான். வெள்ளாமை வெட்டு தொடங்கியிருந்தது. தாஹிர் அரிவாளை எடுத்தான்.

"வெள்ளிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பார்த்திட்டு வாறன் உம்மா" என்றான்.

"ஓம்" என்றா அவ. "போயிட்டு அண்டைக்கே வந்திடு."