அட்டை இல்லாத சொல்

அகராதி அலுவலகத்தில் ‘அழுகு’ என்ற சொல்லின் அட்டை காணாமல் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து அந்த ஊரில் எதுவும் அழுகவில்லை. அட்டையை எடுத்தவர் அகராதிக்காரர்தான். மனைவியைப் புதைத்த மறுநாள், வீட்டில் உட்கார முடியாமல் வேலைக்கு வந்திருந்தார். ‘அழு’வுக்கு மூன்று வாக்கியம் எழுதிய கை அடுத்த அட்டையில் நின்றுவிட்டது. பொருளும் எடுத்துக்காட்டும் எழுதாத அட்டை பெட்டிக்குத் திரும்பக் கூடாது என்பது அலுவலக விதி. அதனால் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் அலமாரியில், ஒரு சின்னத் தட்டில் அவள் கடித்த கொய்யா இருந்தது. மாத்திரை போட்டுவிட்டு மீதியைத் தின்கிறேன் என்று வைத்தவள், பிறகு எழுந்திருக்கவேயில்லை. ஒரு மாதமாகியும் பல் பதிந்த இடம் வெள்ளையாகவே இருந்ததைக் கண்டபோது அகராதிக்காரருக்கு விஷயம் புரிந்தது. மண்ணுக்குள் அவளும் அப்படியே இருப்பாள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

முதல் வருஷம் ஊருக்குக் கொண்டாட்டம்தான். பழக்கடைக்காரர் கூவி விற்பதை நிறுத்திவிட்டு மத்தியானம் தூங்கினார். ஈக்கள் ஊரைக் காலிசெய்தன. மூன்றாம் வருஷம் சருகுக் குவியல் மாடி ஜன்னலை எட்டியது. ஐந்தாம் வருஷம் மண் வெளுத்துச் சாம்பலாயிற்று. நாற்றுப் பண்ணை வைத்திருந்த அவர் மகள் விதைத்ததெல்லாம் இரண்டு இலை விட்டு நின்றது. எரு என்ற ஒன்றே இல்லாதபோது செடி என்ன செய்யும், பாவம்.

அட்டையைச் சட்டைக்குச் சட்டை மாற்றி வைத்துவந்தவர் ஏழாம் வருஷம் ஒருநாள் மறந்துவிட, துவைக்க எடுத்த சட்டையில் மகள் அதைக் கண்டாள். கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பண்ணையை மூடப்போவதாகச் சொன்னாள்.

“மண்ணு பட்டினி கிடக்குதுப்பா. எழுதிக் குடுத்துடுங்க.”

“எழுதிட்டா அவ போயிடுவாளே.”

“அம்மா போய் ஏழு வருஷமாச்சுப்பா.”

மறுநாள் அலுவலகத்தில், ‘கெட்டு, நெகிழ்ந்து, மண்ணோடு சேர்’ என்று பொருள் எழுதினார். எடுத்துக்காட்டுக்கு மத்தியானம் வரை ஆனது. ‘அவள் கடித்து வைத்த கொய்யா அழுகியது.’ அட்டையைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். பல் பதிந்த இடம் பழுப்பேறியிருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் அழாத அழுகையெல்லாம் அழுதார்.

மூன்றாம் நாள் மகள் அந்தக் கொய்யாவைப் பண்ணை மண்ணில் புதைத்தாள். அந்த மாதம் முழுக்க ஊர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. அவர் மட்டும் பொத்தவில்லை. எடுத்துக்காட்டு அகராதியில் அப்படியே அச்சாகியிருக்கிறது. ‘அவள்’ யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.