பாக்கெட்டுக்குள் கைகள்

உண்மையான ஓவியனை உலகம்தான் தேடி வர வேண்டும். அவன் உலகத்தைத் தேடிப் போனால் அவன் ஓவியன் இல்லை, கூரியர்காரன். கல்லூரி கேன்டீனில் இந்தத் தீர்ப்பை வழங்கியவன், கதைப்புத்தகங்களுக்குப் படம் போடப் படிக்கும் கடைசி வருட மாணவன். வகுப்பில் அவனை மகாராஜா என்பார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

தீர்ப்பு யாருக்கு எதிரானது என்று எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் அவனுக்குப் பக்கத்து மேசைக்காரி ஒரு கண்காட்சி விடமாட்டாள். பதிப்பாளர், எழுத்தாளர், அச்சகத்து மேனேஜர் என்று யார் கண்ணில் பட்டாலும் ஃபைலும் கையுமாக ஓடிப்போய், பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "ஒரு நிமிஷம், என் படத்தைப் பாக்குறீங்களா?" என்பாள். எல்லார் மேலும் போய் உட்காருகிறாள் என்று அவளுக்குத் 'தேனீ' எனப் பெயர் வைத்ததும் மகாராஜாதான்.

மகாராஜாவிடம் ஒரே ஒரு குறை. கை வராது. மரம் வரும், மழை வரும், கிழவர் முகத்துச் சுருக்கம்கூட வரும். விரல் போட்டால் மட்டும் வாழைப்பழச் சீப்பு மாதிரி வந்து நிற்கும். ஆகவே அவன் படங்களில் எல்லோரும் பாக்கெட்டுக்குள் கை விட்டிருப்பார்கள். ராஜா, திருடன், நீச்சல்காரன் உட்பட. கேட்டால் "அது என் பாணி" என்பான்.

பரீட்சைக்குப் படம் வைக்க வேண்டி வந்தபோது மட்டும் பாணியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுத் தேனீயிடம் தாளை நீட்டினான். "இந்த அம்மாவுக்கும் பொண்ணுக்கும் கை மட்டும் போட்டுக் குடேன்." ஒரு டீ ஆறுவதற்குள் போட்டுக் கொடுத்தாள். மகளுக்குத் தலை பின்னும் அம்மாவின் கை.

பதிப்பகக்காரர்கள் கல்லூரிக்கு வந்த நாளில், வருகைப் பதிவு எடுப்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக மகாராஜாவும் வரிசையில் நின்றான். குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பகத்தின் பட ஆசிரியை அவன் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்தவர், அந்தப் பின்னலில் நின்றுவிட்டார்.

"இந்தக் கை என்னமா பேசுதுப்பா! எங்க கத்துக்கிட்டே?"

"சும்மா... பாத்துப் பாத்துதான் மேடம்."

பொய் என்று சொல்ல முடியாது. தேனீ போடும்போது அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"காது கேக்காத பிள்ளைங்களுக்கு சைகையிலேயே ஒரு கதைப்புத்தகம் கொண்டுவர்றோம். பக்கத்துக்குப் பக்கம் கைதான். நீ பண்றியா?"

அவன் தலை அவனைக் கேட்காமலேயே ஆடியது.

வீட்டில் அம்மா ஃபோனை எடுத்து, பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்த சித்தப்பா வரைக்கும் செய்தியைச் சொல்லிவிட்டாள். அக்காதான் குறுகுறுவென்று பார்த்தாள்.

"கையை வச்சு ஒரு புத்தகமா? உன் படத்துல எவனுக்கும் மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணும் கிடையாதேடா. என்னை வரைஞ்சப்பகூட கையைத் துப்பட்டாவுக்குள்ள போட்டு மூடிட்டியே."

"போக்கா, உனக்கென்ன தெரியும்" என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

மறுநாள் கேன்டீனில் தேனீ எதிரே வந்து உட்கார்ந்தாள். "நேத்து செம பல்பு எனக்கு. உனக்கு அடுத்து நான்தானே போனேன்? அந்த மேடம் என் ஃபைலைப் பாத்துட்டு, 'உங்க கிளாஸ் பையன் போட்ட கை மாதிரியே இருக்கே, அடுத்தவங்களைப் பாத்துப் போடாதம்மா'ன்னாங்க. உன்னைக் காப்பி அடிக்கிறேனாம்!" சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"நீ சொல்லவேண்டியதுதானே..." என்று இழுத்தான்.

"நீ சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். சொல்லலைன்னு அங்க போய்தான் தெரிஞ்சுது. அதுக்கு மேல நான் வாயைத் திறந்தா உன் பொழப்புல மண்ணு விழுமே." டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள். "கை வரலைன்னா சொல்லு. போட்டுத் தர்றேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு எகிறியாவது இருக்கலாம். இப்போது எதிலும் எகிற வழியில்லாமல், ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அன்றும் அடுத்த நாளும் அவனே போட்டுப் பார்த்தான். அவன் போட்ட 'வா' சைகையைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் எதிர்த்திசையில் ஓடிவிடும். சத்தம் எட்டாத குழந்தைக்கு இந்த விரல்கள்தான் பேச்சு. திக்குவாய்ப் பேச்சை அச்சடித்துக் கொடுப்பதா? அழித்து அழித்துத் தாள் ஓட்டையானதுதான் மிச்சம்.

"உன் ஃபைலைக் கொஞ்சம் குடேன்" என்று தேனீயிடம் கேட்டான்.

"எதுக்கு?"

"சும்மா."

பதிப்பகத்தின் நடையில் ஒரு மர பெஞ்ச். அதில் உட்கார்ந்து அவன் சிரித்துப் பழகினான். காவல்காரர் அவனைச் சந்தேகமாகப் பார்த்தார். பட ஆசிரியை வந்ததும் குதித்து எழுந்தான்.

"மேடம், ஒரு நிமிஷம். இந்தப் படங்களைப் பாக்குறீங்களா? அந்தத் தலை பின்னுற கை இந்தப் பொண்ணு போட்டது. என்னோடது இல்லை."

அவர் நின்றபடியே புரட்டினார்.

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

அவன் இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

"அந்தப் பொண்ணை என்னென்னவோ சொல்லிட்டேனேப்பா. நம்பர் குடு." எழுதிக்கொண்டார். "சரி, உனக்கு என்னதான் வரும்?"

"மரம் நல்லா வரும் மேடம்."

"மரத்துக்கு இப்ப ஆள் தேவையில்லை" என்று ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வெளியே போகும் வழியில் வேறு அலுவலகங்களின் கதவுகள் இருந்தன. ஒன்றில் சிறுவர் பத்திரிகையின் பலகை. அவன் அதைத் தாண்டிப் போனான், திரும்பி வந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"சார், ஒரு நிமிஷம். என் கிளாஸ்ல படிக்கிற பொண்ணோட படங்கள்..."