இன்னொரு ஆள்

ஆற்றோரம் பாடையை இறக்கியதும் தூக்கி வந்தவர்கள் தோளைத் தடவிக்கொண்டு தள்ளி நின்றார்கள். ஆரணி பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் வேடியப்பனோடு வேலை பார்த்தவர்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அன்றைய கூலி கிடையாது என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

ஜெயவேல் ஈரவேட்டியோடு அண்ணன் காலடியில் நின்றான். பரோட்டாக் கல்லின் முன்னால் நின்று நின்று வேடியப்பனின் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தன. நெஞ்சுவலி வந்து பல மாதமாகிறதாம். வேலூர் போய்க் காட்டினால் சம்பளம் பிடிப்பார்கள் என்று தள்ளிப்போட்டவன், நேற்று கல்லுக்கு முன்னாலேயே சரிந்துவிட்டான். லீவில் ஊருக்கு வந்திருந்த ஜெயவேல்தான் வண்டி பிடித்து உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

காலையில் அண்ணி சின்னபொண்ணு தலைமாட்டில் உட்கார்ந்து அரற்றியது காதைவிட்டுப் போகவில்லை.

"தம்பி குவைத்துல மேனேஜரு, எடம் காலியானா கூப்புட்டுக்குவான்னு ஊரெல்லாம் சொல்லிகினு இருந்தியே!"

இடம் காலியாகத்தான் இருந்தது. "உங்க ஊரிலிருந்து இன்னொரு ஆள் கிடைப்பானா?" என்று அவன் வேலை பார்க்கும் குவைத் கோழி வறுவல் கடையின் முதலாளி போன வருடமே கேட்டார். அண்ணன் இங்கே இரண்டு மாதம் வாங்குவதை அங்கே ஒரே மாதத்தில் வாங்கியிருப்பான். ஆள் இல்லை என்று ஜெயவேல் சொல்லிவிட்டான். அண்ணன் வந்தால் எல்லாம் தெரிந்துபோகும். தம்பி மேனேஜர் இல்லை. தரை துடைத்து, கக்கூஸ் கழுவி, பத்துப் பேரோடு ஒரே அறையில் படுக்கிறவன்.

மாவு பிசைகிற எல்லப்பன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தான்.

"ஜெயவேலு, இந்த நேரத்துல கேக்கக்கூடாது. உங்க கடையில எனக்கு எதுனா வேலை இருக்குமா?"

"கக்கூஸ் கழுவணும்ணே." நினைப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "நானே அதான் செஞ்சிகினு இருக்கறேன்."

எல்லப்பன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இங்க மட்டும் யாரு கழுவறாங்கன்ற? டெய்லி கடை சாத்துனப்புறம் நானும் உங்கண்ணனும்தான். அதுக்குத் தனியா காசுகூட கெடையாது."



"வாய்க்கரிசி போடுப்பா, நாழியாவுது" என்று ஒரு பெரியவர் அவன் கையில் அரிசியை அள்ளி வைத்தார்.

ஜெயவேல் தலைமாட்டுக்கு வந்து குனிந்தான். கை அண்ணனின் வாயருகே போய் நின்றது.

"போடுப்பா."

மூடிய விரல்கள் பிரியவில்லை. விரலிடுக்கில் ஓர் அரிசி நழுவி, வேடியப்பனின் மீசையில் விழுந்து நின்றது.