ஒளியை முந்திய எலக்ட்ரான்

மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேல்மாடியில் வெங்கிடாசலம் சாரின் டுட்டோரியல் நடந்தது. எழுபதுகளின் நடுவில் பி.எஸ்ஸி. பாடம் சென்டிமீட்டர், கிராமிலிருந்து மீட்டர், கிலோகிராமுக்கு மாறியபோது சாரும் தன் நோட்ஸை மாற்றினார். எலக்ட்ரானின் நிறையைக் கிலோகிராமாக்கினார், தூரத்தை மீட்டராக்கினார். பிளாங்க் மாறிலியை மட்டும் தொடவில்லை. இயற்கை கொடுத்த எண்ணில் கை வைக்க அவர் யார்?

கணக்கு இதுதான்: எலக்ட்ரான் இருக்கும் இடத்தை ஓர் அணுவின் அகலத்துக்குள் குறித்துவிட்டால், அதன் வேகம் எவ்வளவு நிச்சயமில்லாமல் போகும்? செகண்டுக்குப் பதினொன்றரை லட்சம் மீட்டர் என்று வர வேண்டும். ஆனால் அவர் தொடாத மாறிலி எர்க் என்ற பழைய ஆற்றல் அளவில் இருந்தது; புதிய பாடத்தில் அது ஜூல். கோடி எர்க் சேர்ந்தால்தான் ஒரு ஜூல். சார் அதை மாற்றாததால் விடை கோடி மடங்கு வீங்கி 1.15×10¹³ ஆனது. அவருடைய எலக்ட்ரான் ஒளியைவிட முப்பத்தெட்டாயிரம் மடங்கு வேகமாக நான்கு வருடம் ஓடியது. யாரும் பிடிக்கவில்லை.

பிடித்தவள் விசாலாக்ஷி. பகலில் ஜாக்கெட் தைப்பவள். மாதிரித் தேர்வில் இந்தக் கணக்குக்குச் சரியான விடை எழுதினாள். சார் பூஜ்யம் போட்டார். பாஸாக இரண்டு மார்க் குறைந்தது. பாஸாகாதவர்களின் பரீட்சை விண்ணப்பத்தில் சார் கையெழுத்திட மாட்டார். விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள்.

"சாரே, இஞ்சுல முப்பத்தாறுன்னு அளந்துட்டு, டேப்பைத் திருப்பி சென்டிமீட்டர் பக்கம் முப்பத்தாறு வெட்டினா, அந்த ஜாக்கெட்டை யாரு போடுவா?"

"இது தையல் கடையில்ல மோளே, குவாண்டம். நோட்ஸ்ல உள்ள நம்பரை எழுதிக் கொண்டு வா. ரெண்டு மார்க்கும் தரேன், ஒப்பும் போடுறேன்."

சார் திருத்தும் முறை எளிது. நோட்ஸின் கடைசி வரியை விடைத்தாளின் கடைசி வரிக்கு மேல் வைப்பார். எண் பொருந்தினால் டிக். யூனிட் நோட்ஸில் எங்கும் கிடையாது. இடத்தை அடைக்கிறது என்று அச்சகத்தில் எடுக்கச் சொன்னவரே அவர்தான்.

விசாலாக்ஷி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எழுதினால் பொய், எழுதாவிட்டால் ஒரு வருடம் போச்சு. கொஞ்சநேரம் பேனாவைக் கடித்துவிட்டு எழுதினாள்: "1.15×10¹³. யூனிட்: மீட்டரில் கோடியில் ஒரு பங்கு, செகண்டுக்கு."

கோடியால் வீங்கியது கோடியால் வடிந்தது. எலக்ட்ரான் பதினொன்றரை லட்சத்துக்கு இறங்கியது.

சார் வைத்துப் பார்த்தார். பத்தின் தலையில் பதின்மூன்று. டிக்.

"இப்பத்தான் புத்தி வந்தது. பின்னாடி என்ன, இத்தனை நீளம்?"

"யூனிட் சாரே."

"அதெல்லாம் யாரு பார்க்கப் போறா," என்றபடி சார் கையெழுத்திட்டார்.